மீன்கட்டையில் மின்னல் பாய்ச்சப் போகும் பிள்ளைகளுக்கு

அண்ணாமலை நகர் இயற்பியல், நுண்ணுயிரியல் மாணவர்களுக்கும் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஒரு கோடி கிருமி இருக்கும் மீன் வெட்டும் பலகையில் 99.9 சதவீதத்தைக் கொன்றால் மிச்சம் எவ்வளவு? பத்தாயிரம். சூடும் ஈரமும் தீனியும் சரியாக அமைந்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்தப் பத்தாயிரம் மறுபடி ஒரு கோடியாக மூன்றரை மணி நேரமே அதிகம். காலை ஆறு மணிக்குச் சுத்தம் என்று சொன்ன பலகை ஒன்பதரைக்குப் பழைய பலகைதான். மீனோடு வந்து வயிற்றைக் கலக்கும் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் இன்னும் அவசரக்காரன்; அதற்குப் பிடித்த நிலைமை வாய்த்தால் பத்து நிமிடமே போதும்.

எடுத்த எடுப்பில் கணக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இயற்பியல் பிள்ளைகள், மின்சாரத்தால் காற்றில் பிளாஸ்மா உண்டாக்கி அதைக் கொண்டு மீன்கட்டை போன்ற பரப்புகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவைக் கொல்வது பற்றித் திட்டக் கட்டுரை செய்யப் போகிறார்கள். "படிச்சுப் பாருங்க ஆன்ட்டி, உங்க டிபார்ட்மென்ட்தானே" என்று ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எந்த நாட்டுக் கட்டுரையானாலும் பாதிக்கு மேல் ஒரே படம்: கிருமி வளர்க்கும் அகார் தட்டு, அதன் நடுவில் தெளிந்த ஒரு வட்டம், கீழே 99.9. எவ்வளவு கிருமியில் தொடங்கினார்கள் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் தேடியும் கிடைக்கவில்லை.

நான் ஆபரேஷன் தியேட்டரிலும், பிறகு மருத்துவமனைக் கருவிகளையெல்லாம் கிருமிநீக்கம் செய்து தரும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் உங்கள் பாடு. செத்துவிட்டதாக எழுதி வைத்த கிருமி எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பது எங்கள் பாடு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

திறந்த மடல் என்பதால் வெளியாரும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் மார்கழிப் பனியில் விடிவதற்கு முன் நடந்து போனால், உயர் அழுத்த மின்கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டரிலிருந்து 'உஸ்' என்று ஒரு சீறல் கேட்கும். கடல் காற்று கொண்டுவந்த உப்பு அதில் படிந்து, பனியில் நனைந்து, மேலாக மின்சாரம் கசிகிறது. இருட்டில் உற்றுப் பார்த்தால் ஊதா நிறத்தில் மெல்லிய ஒளி தெரியும். அதுதான் பிளாஸ்மா (ரத்த வங்கியில் பையில் தொங்குவது வேறு). வானத்து மின்னலும் அதுவே, எரியும் டியூப்லைட்டுக்குள் இருப்பதும் அதுவே. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். தாண்டும்போது காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு வருகின்றன. எலக்ட்ரானும் அயனியும் உடைந்த மூலக்கூறும் கலந்த அந்த வாயுவுக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர்.

மின்னல் பட்ட தென்னை கருகிப்போகும். பலகையில் பாய்ச்சும் பிளாஸ்மாவில் கருகல் கிடையாது. காரணம் எளிது. இரண்டு மின்வாய்களில் ஒன்றைக் கண்ணாடியாலோ பீங்கானாலோ மூடிவிட்டால் மின்சாரம் ஒரே பாதையில் பெருகி ஓட முடியாது. நூற்றுக்கணக்கான ஊதா இழைகளாகச் சிதறும். ஒவ்வோர் இழையும் சில பத்து நானோநொடிகளில் அணைந்து இன்னோர் இடத்தில் பிறக்கும். அந்த நேரத்துக்குள் சூடேறுவது எலக்ட்ரான் மட்டுமே. அது பத்தாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதைவிட ஐம்பதாயிரம் மடங்கு கனமான நைட்ரஜன் மூலக்கூறு அந்த மோதலுக்கெல்லாம் மசியாது. அதனால் காற்று மொத்தத்தில் குளிர்ந்தே இருக்கிறது, பிளாஸ்டிக்கும் துணியும் தாங்கும் அளவுக்கு. வெர்னர் சீமென்ஸ் 1857இல் ஓசோன் தயாரிக்கச் செய்த கண்ணாடிக் குழாயும் இதே ஏற்பாடுதான். அதைக் கிருமி கொல்லும் வேலைக்குத் திருப்பும் ஆய்வு சூடுபிடித்தது 1990களில். அமெரிக்காவில் முனீர் லாரூசி 1996இல் வெளியிட்ட கட்டுரையைத்தான் பலரும் தொடக்கப் புள்ளியாகச் சொல்கிறார்கள்.

கொல்வது மின்சாரத்தின் அதிர்ச்சி என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்மாவில் காற்று உடைந்து ஓசோன், ஒற்றை ஆக்சிஜன் அணு, ஹைட்ராக்சில், நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு பட்டாளமே பிறக்கிறது. ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் நைட்ரிக் அமிலமும் சேரும். பாக்டீரியாவின் சவ்விலுள்ள கொழுப்பை இவை அரிக்கின்றன, புரதத்தைக் குலைக்கின்றன, டி.என்.ஏ.வை அறுக்கின்றன. ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒரு பூட்டைத்தான் உடைக்கும். கிருமி அந்தப் பூட்டை மாற்றிக்கொண்டால் மருந்து வீண். பிளாஸ்மா நாலு பக்கமும் அடிப்பதால், மருந்துக்கு மசியாத கிருமியும் சாதாரணக் கிருமியைப் போலவே பெரும்பாலும் மடிகிறது. மருந்துக்கு மசியாத கிருமி விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு கவலையும் உண்டு. கார்பபெனம் மருந்துகளையே செல்லாக்காசாக்கும் என்.டி.எம்-1 மரபணு இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் லான்செட் இதழ்க் குழுமத்தில் எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்தவர். அசினெட்டோபாக்டர் போன்ற மருத்துவமனைக் கிருமிகள் காய்ந்த கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே பரப்பைச் சுத்தப்படுத்த ரசாயன எச்சம் விடாத ஒரு வழி கிடைத்தால் எங்களைவிட மகிழ்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

எச்சம் என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். லென்ஸ் வைத்த கருவிகளை ஆட்டோகிளேவில் போட முடியாது. 121 டிகிரி நீராவியில் பதினைந்து நிமிடம் வெந்தால் பசை விட்டுப்போகும். அதற்காக ஃபார்மலின் மாத்திரை போட்ட கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தோம். கதவைத் திறந்தால் கண்ணும் மூக்கும் எரிந்து தண்ணீர் கொட்டும். பிறகு சைடெக்ஸ் என்ற குளூட்டரால்டிஹைடு வந்தது. முழுக் கிருமிநீக்கத்துக்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். எத்திலீன் ஆக்சைடு வாயு வந்தது. வாயு வெளியேறவே அரை நாள் காத்திருக்க வேண்டும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1994இலேயே முத்திரை குத்தப்பட்டது. தியேட்டரில் எங்கள் கண்ணைக் கரித்த அதே ஃபார்மலின்தான் 2018இல் மீனில் கலந்திருப்பதாகப் பேச்சு கிளம்பித் தமிழ்நாடு முழுக்க மீன் வியாபாரத்தை அடித்தது. தப்பே செய்யாத கடலூர் மீன்காரம்மாக்களும் கூடையோடு திரும்பினார்கள். கிருமியைக் கொன்றுவிட்டுக் காற்றாகவே கலைந்துபோகும் ஒன்றின்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை.

அப்படி ஆசையோடுதான் 'பிளாஸ்மா மெஷின்' மருத்துவமனைகளுக்கு வந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு வாயு பிளாஸ்மா என்பது முழுப்பெயர். அமெரிக்காவில் 1993இல் அனுமதி கிடைத்து, இன்று நம்மூர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் பெராக்சைடை ஆவியாக்கி விடும். அது கருவிகளைச் சூழ்ந்த பின் ரேடியோ அலையால் பிளாஸ்மா மூட்டும். ஏறத்தாழ 50 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கேமரா வைத்த நுட்பமான கருவிகளுக்குப் பெரிய வரம்.

ஆனால் அந்த மெஷினில் கிருமியைக் கொல்வது பெரும்பாலும் பெராக்சைடு ஆவிதான். பிளாஸ்மாவின் முக்கிய வேலை, மிஞ்சிய பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்து, கருவியைக் கைபடும்படி ஆக்குவது. பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு! நீங்கள் கொடுத்த கட்டுரைகளின் முன்னுரையில் "மருத்துவமனைகளில் ஏற்கெனவே பிளாஸ்மா கிருமிநீக்கம் நடைமுறையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் செய்யப்போகும் காற்றுப் பிளாஸ்மாவுக்கு அது சாட்சி ஆகாது.

அந்த மெஷினிடம் நான் கற்ற பாடம் வேறு. ஒரு மருத்துவமனையில், விடியற்காலையில் லேப்ராஸ்கோப்பி கேஸுக்குக் கருவி தயாராக வேண்டும். மெஷின் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கேன்சல் என்று கூவி நின்றுவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி கூவல். டெக்னீஷியன் பையன் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டான். கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீளக் குழலுள்ள ஒரு கருவிக்குள், நடுவில், ஒரு சொட்டுத் தண்ணீர். கழுவியவர்கள் காற்று ஊதி உலர்த்தவில்லை. அறையில் வெற்றிடம் உண்டாகும்போது அந்தச் சொட்டு ஆவியாகிக்கொண்டே இருக்க, பம்ப் தேவையான அழுத்தத்துக்கு இறங்கவே முடியவில்லை. சிரிஞ்சில் காற்றடித்து உலர்த்தியதும் மெஷின் சத்தம் போடாமல் வேலையை முடித்தது. லட்சக்கணக்கில் விலை கொடுத்த மெஷின், குழாயடியில் கருவி கழுவும் ஆயாம்மாவின் கையில் இருக்கிறது. துணி, பஞ்சு, காகிதம் எதையும் அதற்குள் வைக்கக் கூடாது, பெராக்சைடைக் குடித்துவிடும். ரத்தக்கறை காய்ந்த கருவியை வைத்தாலும் அதே கதைதான்: கறை அடிவாங்கும், கறைக்குக் கீழே இருக்கும் கிருமி தப்பும்.

இதே சங்கதி உங்கள் பிளாஸ்மாவுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். அகார் தட்டு வழவழப்பானது. அதில் நீங்கள் தடவிய கிருமி ஒரே அடுக்காக, ஒளிய இடமில்லாமல், வெட்டவெளியில் நிற்கிறது. அங்கே கொல்வது பெரிய காரியமில்லை. மீன் மார்க்கெட்டில் வெட்டுக்கட்டை எப்படி இருக்கும்? அன்னங்கோவிலிலோ முடசல் ஓடையிலோ கடலூர் துறைமுகத்திலோ போய்ப் பாருங்கள். சங்கரா மீனின் செதில், வஞ்சிரத்தின் ரத்தம், குடலிலிருந்து வந்த பசை, அதன்மேல் ஊற்றிய தண்ணீர், அதன்மேல் அடுத்த மீன். பிளாஸ்மாவில் பிறக்கும் அந்த ஆக்சிஜன் பட்டாளத்துக்கு நண்பன் பகைவன் தெரியாது. முதலில் எதிர்ப்படும் புரதத்தோடு மோதி அங்கேயே தீர்ந்துபோகும். மேலே ஒரு பூச்சுக் கோழை இருந்தால் கீழே கிருமி நிம்மதியாக இருக்கும்.

கோழையைக் கழுவிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பலகையில் கத்தி பட்டுப் பட்டு விழுந்த கீறல் இருக்கிறதே, அதன் ஆழம் 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பாக்டீரியாவின் நீளம் ஒன்றரை மைக்ரான். ஐந்தரை அடி ஆள் ஒருவர் 1,100 அடிக் கிணற்றின் அடியில் நிற்கிற கணக்கு அது. புற ஊதா ஒளி அந்தக் கிணற்றில் எட்டிப் பார்ப்பது கஷ்டம். குறைந்த ஆயுள் கொண்ட ஹைட்ராக்சில் போகிற வழியிலேயே செத்துவிடும். நீண்ட ஆயுள் உள்ள ஓசோன் மட்டும் மெல்ல இறங்கும். ஆகவே எந்தப் பொருள் கொன்றது என்ற கேள்வி உங்கள் தேர்வுக்கான கேள்வி மட்டும் இல்லை. கீறல் விழுந்த பலகையில் உங்கள் கருவி வேலை செய்யுமா செய்யாதா என்பதே அதில்தான் இருக்கிறது.

இடையில் புளியங்கட்டைக்காக ஒரு வார்த்தை. மரக்கட்டை என்றாலே அசிங்கம், பிளாஸ்டிக் என்றால் நாகரிகம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிரியலாளர் 1990களில் இரண்டையும் வைத்துப் பார்த்தார். மரத்தில் விட்ட பாக்டீரியா உள்ளே உறிஞ்சப்பட்டு, திரும்ப மேலே வராமல் உள்ளேயே மடிந்தது. கத்தி கீறிய பழைய பிளாஸ்டிக் பலகையைத்தான் கையால் கழுவிச் சுத்தம் செய்ய முடியவில்லை. ஆகவே மீன்காரம்மாவிடம் போய்க் கட்டையை மாற்றச் சொல்லிப் பிரசங்கம் செய்யாதீர்கள். இரண்டையும் எடுத்து வந்து சோதியுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஜெர்மனியிலோ கொரியாவிலோ செய்த சோதனையை அப்படியே இங்கே திரும்பச் செய்து, அதே எண் வருகிறதா என்று பார்ப்பதில் உங்கள் ஒரு வருடத்தைக் கழிக்க வேண்டாம். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது: இந்தக் காற்று. அவர்கள் ஆய்வகத்துக் காற்று ஏ.சி.யில் உலர்ந்தது. நம் கடற்கரையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். காற்றில் ஈரம் ஏறினால் பிளாஸ்மாவில் ஓசோன் குறைகிறது, ஹைட்ராக்சிலும் பெராக்சைடும் கூடுகின்றன. ஓரளவு ஈரம் கிருமி கொல்ல உதவவும் செய்யும். எல்லை மீறினால் கண்ணாடித் தடுப்பின் மேலேயே மின்சாரம் கசிந்து இழைகள் ஒழுங்காக எரியாது. அதில் உப்பும் சேர்ந்தால் முதுநகர் இன்சுலேட்டரின் சீறல் உங்கள் மேசைக்கே வந்துவிடும். எந்த ஈரப்பதத்தில் எந்தப் பொருள் எவ்வளவு பிறக்கிறது, அதில் எவ்வளவு விப்ரியோ சாகிறது என்று உப்புக்காற்றில் அளந்து எழுதிய ஒரு நல்ல அட்டவணை வந்தால் கேரளத்துக்காரரும் வங்காளத்துக்காரரும் இலங்கைக்காரரும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். ஒரு வரிசைச் சோதனையை ஏ.சி. அறையில் செய்யுங்கள், இன்னொரு வரிசையைப் பரங்கிப்பேட்டையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

இயற்பியல் பிள்ளைகள் தனியாகச் செய்தால் இது நிறைவேறாது. ஏன் என்று சொல்கிறேன். விப்ரியோ உப்பில் வாழும் உயிர். பலகையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரியை வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தால் அது அந்தத் தண்ணீரிலேயே வெடித்துச் சாகும். தட்டில் ஒன்றும் முளைக்காது. புகழ் பிளாஸ்மாவுக்குப் போகும். அதேபோல விப்ரியோவுக்குக் காய்வது ஆகாது — உலர்ந்தாலே மடியும். உங்கள் கருவியில் காற்றோ ஆர்கானோ ஊதுகிறீர்கள் என்றால், மின்சாரத்தைப் போடாமல் வெறும் வாயுவை மட்டும் அதே நேரம் ஊதி எத்தனை சாகிறது என்று பார்த்தீர்களா? சூடு மட்டும் கொடுத்துப் பார்த்தீர்களா? இந்த ஒப்பீடுகள் இல்லாத கட்டுரையைக் கடல் உயிரியல் மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். கிழிப்பதற்கு முன்பே அவரைக் கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். வெள்ளாற்றுக் கழிமுகத்து விப்ரியோவை அறிந்தவர்கள் உங்களிடமிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. தட்டில் முளைக்காதது எல்லாம் பிணம் இல்லை என்பது உங்கள் துறையில் கண்டுபிடித்த உண்மை. ரீட்டா கோல்வெலும் அவர் குழுவினரும் 1982இல், கழிமுக நீரில் காலரா விப்ரியோவும் ஈ.கோலையும் உயிரோடு இருந்தபடியே தட்டில் முளைக்க மறுக்கும் ஒரு நிலைக்குப் போவதைக் காட்டினார்கள். குளிர், பட்டினி, ஆக்சிஜன் தாக்குதல் என்று எந்த நெருக்கடியும் அந்த உறக்கத்தில் தள்ளலாம். பிளாஸ்மா பட்ட பாக்டீரியாவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே விப்ரியோ வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் பச்சைக் காலனி இல்லை என்று கொண்டாடாமல், ஆல்கலைன் பெப்டோன் நீரில் விட்டு எழுப்பிப் பாருங்கள். உயிருள்ளதையும் செத்ததையும் வேறு நிறத்தில் காட்டும் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணுங்கள். எங்கள் பிரிவில் ஒவ்வொரு மெஷினையும் சோதிக்க ஜியோபேசில்லஸ் வித்துகள் அடைத்த குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைப்போம். வெளியே எடுத்து, வளர்த்து, நிறம் மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் கையெழுத்து. சுற்றிலும் ஒட்டிய டேப் கருத்துவிட்டது என்பதற்காகக் கையெழுத்துப் போட்டதில்லை. டேப் சூடு பட்டதைச் சொல்லும், சாவைச் சொல்லாது.

இதில் ஓர் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றைத் திறந்து உள்ளே போகும் கருவிக்கு, பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் கிருமி மிஞ்ச வாய்ப்பிருக்கக் கூடாது என்பது உலக வழக்கு. மீன்கட்டைக்கு அது தேவையே இல்லை. அதில் வெட்டிய மீன் எப்படியும் குழம்பில் கொதிக்கும். கட்டையில் கிருமியை நூறில் ஒன்றாக, ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலே மீன் அழுகுவது தள்ளிப்போகும், பக்கத்துக் காய்கறிக்குக் கிருமி தாவுவது குறையும். அந்தக் குறைவான இலக்கை நேர்மையாக எழுதுங்கள். ஆஸ்பத்திரி வார்த்தையை மார்க்கெட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் இல்லை. மெயின் லைனில் மயிலாடுதுறை, கும்பகோணம் தாண்டினால் தஞ்சாவூர்; நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கும் இடத்தில் உணவுப் பொருள்களின் மேல் குளிர் பிளாஸ்மா பாய்ச்சும் ஆய்வு நடக்கிறது. குஜராத்தில் காந்திநகருக்குப் பக்கத்தில் 1986இல் அமைந்த பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் தொழில்துறைப் பிரிவினர் அங்கோரா முயல் ரோமத்தை நூற்க வசதியாகப் பிளாஸ்மாவில் பதப்படுத்தும் கருவி வரைக்கும் செய்து கொடுத்தவர்கள். கடிதம் போட்டால் பதில் வரும் இடங்கள் இவை. நிதி வந்த பின் எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

பணம் பற்றி உங்கள் சீனியர்கள் பயமுறுத்துவார்கள். ஹீலியம் வேண்டாம், ஆர்கான் சிலிண்டர் வெல்டிங் பட்டறைக்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கும், வெறும் காற்றே போதும் என்றால் அதுவும் வேண்டாம். பழைய நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மரை வைத்துத் தொடங்குகிறவர்கள் உண்டு. அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மின்சாரம் பட்டு எரிந்த கைகளை எமர்ஜென்சியில் பார்த்தவள் நான். தோலில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். எர்த் இல்லாத மேசையில் செய்யாதீர்கள். ராத்திரி தனியாகச் செய்யாதீர்கள். கருவி ஓடும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் பழைய மெஷின் பக்கத்தில் வரும் அந்தக் கூர்மையான வாசனை அறையில் நன்றாகவே அடித்தால், ஓசோன் கூடிவிட்டது என்று பொருள். வேலை செய்யும் இடத்தில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூக்கு பழகிவிட்டால் வாசனை தெரியாமலும் போகும், அதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துப் போட்ட பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அப்போதும் பிரசவம் நிற்கவில்லை. அடுப்பில் ஏற்றும் பழைய குக்கர் வகை ஆட்டோகிளேவ் கைகொடுத்தது. உங்கள் கருவி பழையதை ஒழித்துவிடும் என்று முடிவுரையில் எழுதத் தோன்றினால், புயல் காலத்தில் அது என்ன செய்யும் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மாதிரி எடுக்கப் போகும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை: படகு கரையேறும் விடியற்காலையில் ஏலம் நடக்கும், அப்போது யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். வெயில் ஏறி வியாபாரம் தணிந்த பிறகு, வெட்டிக் கொடுக்கும் அம்மாக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். கட்டையை எப்போது கழுவுகிறார்கள், எந்தத் தண்ணீரில், சாம்பலா உப்பா சோப்பா என்று அவர்களைச் சொல்ல விட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் அதற்கு ஒரு பத்தி இருக்கட்டும். கழுவுவதற்கு முன் ஒருமுறை, அவர்கள் வழக்கப்படி கழுவிய பின் ஒருமுறை, பிளாஸ்மா பாய்ச்சிய பின் ஒருமுறை என்று மூன்று எண்ணிக்கை வேண்டும். முதல் இரண்டுக்கும் இடையிலேயே பெரும்பகுதி குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள். கழுவும் கைக்கு அந்த மதிப்பு சேர வேண்டும். துடைத்த பஞ்சை மூன்று சதவீத உப்புக் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே தட்டில் பரப்புங்கள். பலகையையே எடுத்துவர வேண்டுமென்றால் புதுப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வாங்குங்கள். ஒரு நாள் பிழைப்பு அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது, கட்டைகளும் காய்ந்து கிடக்கும். ஆகவே மாதிரி எடுக்கும் வேலையை மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர் ஒருவர்,
சிதம்பரம்